ஒரு குறையும் சொல்லாத சம்பந்தி

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே சம்பந்தியம்மா ஆரம்பித்துவிட்டார்.

"உங்க பொண்ணு தங்கம், சம்பந்தி. வீட்ல அவ இருக்கிற இடமே தெரியாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

"பேசவே மாட்டா," என்று பின்னால் வந்த சம்பந்தியும் ஒத்து ஊதினார்.

பெண்ணைப் பெற்றவளான லிஃப்ட்காரரின் மனைவிக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. லிஃப்ட்காரர் பெட்டியை வாங்க நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

கடல் தாண்டி, விமானம் மாறி, தூக்கம் கெட்டு வந்திருக்கிறவர்கள் வாசலிலேயே பெண்ணைப் புகழ்ந்தால் வேறு எந்த அப்பாவுக்கும் உச்சி குளிர்ந்திருக்கும். ஆனால் அவருக்குத் தன் மகளைத் தெரியும். அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயரே சில்வண்டு. அவள் இருக்கிற இடம் தெரியாமல் அந்த வீடு இருந்த கடைசி நாள், அவள் பிறப்பதற்கு முந்தைய நாள். சாப்பிடும்போது பேசுவாள், படிக்கும்போது பேசுவாள், பேப்பர் போடுகிறவரை நிறுத்தி வைத்து ஏன் தாமதம் என்று வழக்காடுவாள். டிவி ரிமோட்டுக்காக அப்பாவும் மகளும் போட்ட சண்டையில் எத்தனை ரிமோட் உடைந்தது என்பதற்குக் கணக்கே கிடையாது. கல்யாணமாகி அவள் விமானம் ஏறிய பிறகு, ரிமோட் முழுசாக மேசைமேல் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு டிவி போடவே மனசு வராது.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். சில்வண்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அவள் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. வேறு வழியில்லாமல் இவர் பிள்ளையைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். திரும்ப அழைத்துவரப் போனபோது அக்கா சொன்னாள், "இவளையாடா வாயாடின்னு சொன்னே? தங்கம்டா. வீட்ல இருக்கிற இடமே தெரியலை." பிள்ளை மூலையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் வரும்போதும் வாய் திறக்கவில்லை. தங்கள் தெரு முனை வந்ததும் ஒரு அழுகை அழுதது பாருங்கள், அன்றைக்கு வந்த காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. சில்வண்டு சண்டை போட்டால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். தங்கமாக இருந்தால் அந்த இடத்தில் அவளுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

இப்போது கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் அதே வார்த்தையைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார்கள். போதாக்குறைக்கு, சில மாதங்களாக போனில் அவள் குரலும் கம்மிப்போய்த்தான் வருகிறது. "நல்லா இருக்கேன்பா. நீங்க நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துத்தான் அவர் அவளோடு பேசுவார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். சம்பந்தி வீட்டார் மூன்று நாள் தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மகளுக்கும் மருமகனுக்கும் லீவு கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் மனைவி அவரை மடக்கினாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வந்தவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அவங்க சொன்னதைக் கேட்டியா?"

"நல்லாத்தானே சொன்னாங்க."

"நல்லது மட்டும்தான் சொல்றாங்க. அதான் பயமா இருக்கு. சத்தமே போடாத லிஃப்டை நான் நம்பினதே இல்ல. எங்கயோ ஏதோ இறுகிப் போயிருக்கும்."

"பொண்ணை லிஃப்ட் ஆக்கியாச்சா?" மனைவி வெங்காயத்தைத் தேவைக்கு மேல் பலமாக நறுக்கினாள். "இங்க பாருங்க. பொண்ணைக் குடுத்திருக்கோம். நீங்க பாட்டுக்கு எதையாவது கிண்டிக் கிளறிக் கேட்டு, அது அங்க போய் அவ தலையில விடியணுமா? மூணு நாளும் ஊரைக் காட்டுங்க, வாயை மூடிக்கிட்டு வாங்க. ஒரு வார்த்தை கேட்கக் கூடாது."

அவர் கேட்கமாட்டேன் என்று தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் அந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

முதல் நாள் நல்ல பிள்ளையாக நல்ல இடங்களையே காட்டினார். ஆற்றுப் பாலம், பழைய மார்க்கெட், அருங்காட்சியகம். சம்பந்தி மெலிந்து உயரமானவர், எதற்கும் முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார். சம்பந்தியம்மா குட்டையாக, உருண்டையாக, எப்போதும் சிரித்த முகம். பாலத்தைப் பார்த்து "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். மார்க்கெட் நெரிசலில் யாரோ அவர் காலை மிதித்துவிட்டுப் போனார்கள், அதற்கும் "கலகலன்னு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அருங்காட்சியகத்தில் பாதி அறைகளுக்குப் பூட்டு. "பாத்த வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கு."

அருங்காட்சியகக் கேண்டீனில் காபி வாங்கிக் கொடுத்தார். பிறந்த ஊரை எதற்கும் விட்டுக்கொடுக்காத லிஃப்ட்காரருக்கே அது இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, யாரும் பார்க்காதபோது ஜன்னலோரம் வைத்துவிட்டார். சம்பந்தியம்மா கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"காபி ரொம்ப நல்லா இருக்கு, சம்பந்தி."

அதே சிரிப்பு, அதே குரல். வாசலில் நின்று மகளைச் சொன்னாரே, கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாமல் அதே சுருதி. லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காபி நல்லா இருக்கிற மாதிரிதான் என் பெண்ணும் நல்லா இருக்கிறாளா?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீ குடித்தார்கள். சம்பந்தி மட்டும் மூன்றாவது தடவையும் டம்ளரை நீட்டி, "டீன்னா இதுதான் டீ" என்று கண்ணை மூடிச் சொன்னார். அதில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஆனாலும் டீயைப் பற்றிய உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது?

இரண்டாம் நாள் லிஃப்ட்காரர் ஒரு காரியம் செய்தார். நல்ல நிலையில் இருக்கிற மனிதன் செய்கிற காரியம் இல்லை அது. லிஃப்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளவுக்கு மேல் பாரம் ஏற்றிச் சோதிப்பார்கள், எங்கே முனகுகிறது என்று தெரிந்துவிடும். சம்பந்திகளையும் அப்படிச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். இவர்கள் வாயிலிருந்து எதைப் பற்றியாவது ஒரே ஒரு குறை வந்துவிட்டால் போதும். குறை சொல்லத் தெரிந்தவர்கள் என்றால் அவர்கள் புகழ்ச்சிக்கும் ஒரு மதிப்பு உண்டு, மகள் நிஜமாகவே நன்றாக இருக்கலாம்.

ஆக, வாடகைக் காரில் ஏற்றி முதலில் ஊரின் பெரிய சாக்கடைக் கால்வாய் ஓரமாக நடக்க அழைத்துப் போனார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் அசரவில்லை.

"காத்து எப்படி, சம்பந்தியம்மா?"

"ஜில்லுன்னு நல்லா இருக்கு."

"வாடை ஏதாவது?"

"எனக்கு ஜலதோஷம், ஒண்ணும் தெரியலை," என்றார் சம்பந்தியம்மா, மூக்கைத் துணியால் பொத்தியபடி சிரித்துக்கொண்டே. சம்பந்தி தனக்கும் ஜலதோஷம் என்றார்.

பிறகு வேண்டுமென்றே கூட்ட நேரமாகப் பார்த்து நாற்சந்தி நெரிசலில் கொண்டுபோய்ச் சொருகினார். கார் ஊர்ந்தது, நின்றது, மறுபடி நின்றது. வேர்வை வழிய வழிய சம்பந்தியம்மா, "நின்னு நிதானமா ஊரைப் பாக்க முடியுது," என்றார். அங்கிருந்து ஊருக்கு வெளியே நீர்த்தேக்கம். மழை இல்லாததால் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாளம் பாளமாக வெடித்த தரையில் நாலு மாடுகள் நின்றுகொண்டிருந்தன.

"தண்ணி இருந்தா நல்லா இருக்கும்," என்று லிஃப்ட்காரரே எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணி இல்லாததுனாலதான் இவ்வளவு தூரம் பாக்க முடியுது," என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி சரி என்பது போலத் தலையசைத்தார்.

லிஃப்ட்காரருக்கு வெறுத்துவிட்டது. வெயிலில் நின்று வறண்ட ஏரியைப் பாராட்டுகிறவர்களிடம் இனி எதைக் காட்டுவது? எதற்கும் முனகாத மனிதர்கள். இவர்கள் வாயில் மகளைப் பற்றி வந்த வார்த்தைக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. அவள் அங்கே மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் இவர்கள் "தங்கம்" என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி அவரைத் துணி காயப்போடும் பின்பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"விருந்தாளியைச் சாக்கடை பாக்கக் கூட்டிட்டுப் போன ஆளை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

"அவ நல்லா இல்லடி," என்றார் அவர். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எனக்குத் தெரியும். அவ நல்லா இல்ல."

மனைவி கொடியிலிருந்த துணியை உருவி, மடித்து, மடித்ததை உதறி, மறுபடி மடித்தாள். கடைசியில், "நாளைக்காவது உருப்படியா ஒரு இடத்தைக் காட்டுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உருப்படியான இடம் என்றால் அவருக்குத் தெரிந்தது மொட்டைமாடிகள்தான். லிஃப்டின் மோட்டார் அறை எப்போதும் கட்டடத்தின் உச்சியில் இருக்கும், அதனால் ஊரைக் கீழிருந்து பார்த்ததைவிட மேலிருந்து பார்த்ததே அவருக்கு அதிகம். அதிலும் நகரத்தின் நடுவில் இருக்கிற அந்தப் பழைய உயரமான ஆபீஸ் கட்டடத்தின் மாடியில் ஏறி நின்றால் ஆறு, பாலம், ரயில் பாதை, தூரத்து மலை எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். மூன்றாம் நாள் காலை அங்கே அழைத்துப் போனார். அந்த லிஃப்டை அவர் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறார். மடக்கி இழுக்கிற இரும்புக் கிராதிக் கதவு. மேலே போகும்போது ஒவ்வொரு மாடியும் கம்பி வழியாகக் கீழே இறங்கிப் போவது தெரியும்.

"நீங்க வரலையா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"எனக்குப் படிதான் பழக்கம். முட்டிக்கு நல்லது," என்றாள் மனைவி.

முட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமான புதிதில், புருஷன் தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு பரிமாறிய லிஃப்ட் கதைகளைக் கேட்டுக் கேட்டு, இந்த ஜென்மத்தில் எந்த லிஃப்டிலும் கால் வைப்பதில்லை என்று தீர்மானித்தவள் அவள். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு படியேறத் தொடங்கினாள். இவர்கள் மூவரும் லிஃப்டில் ஏறினார்கள்.

மூன்று மாடி தாண்டியிருப்பார்கள். விளக்கு அணைந்தது, லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பழுதாகிக் கிடப்பது லிஃப்ட்காரருக்கு முன்பே தெரியும், கட்டடத்துச் செயலாளரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். அடுத்த மாடியின் தரை அவர்கள் நெஞ்சு மட்டத்தில் இருந்தது. கிராதி வழியாக மாடி ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது, அதில் ஆளை ஆள் பார்க்கும் அளவுக்கு முகம் தெரிந்தது. இப்படி நின்றுவிட்டால் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்கு ஒருவர் போய், பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடிக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் இவர்தான். மேலே இருக்க வேண்டிய ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார்.

மானம் கப்பலேறியது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கூட வேலை செய்கிற, ஸ்பேனர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆளுக்குப் போன் போட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் ஜோடி. ஸ்பேனர் முதலில் ஒரு நிமிஷம் சிரித்தார்.

"நீயே மாட்டிக்கிட்டியா? இதைப் பாக்கவாவது வரேன். பாலத்துக்கிட்ட இருக்கேன், ரெண்டு நிமிஷம்."

பாலத்திலிருந்து இரண்டு நிமிஷத்தில் பறவைதான் வரும். ஆனாலும் லிஃப்ட்காரர் திரும்பி, "ரெண்டே நிமிஷம், சம்பந்தியம்மா. ஆள் வந்துடுவார்," என்றார்.

"அதனால என்ன? நின்னு இளைப்பாற நல்லா இருக்கு," என்றார் சம்பந்தியம்மா. முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் புருஷனின் சட்டையையும் பிடித்திருந்தார். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

சம்பந்தி அந்த இடைவெளியை அண்ணாந்து அளந்தார். "கதவை இழுத்துத் திறந்து விட்டா எம்பி ஏறிடலாமே, சம்பந்தி."

"கூடாது. ஏறும்போது இது நகர்ந்துச்சுன்னா ஆள் அம்பேல். நின்ன லிஃப்டைவிட்டு யாரும் ஏறி வெளிய போகக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். உள்ள இருக்கிற வரைக்கும் ஒரு ஆபத்தும் இல்ல."

படியேறி வந்த மனைவி அந்த அடுத்த மாடியை எட்டினாள். நிலைமையைப் பார்த்ததும் மூச்சு வாங்கியபடி அந்தத் தரையிலேயே கிராதியை ஒட்டி உட்கார்ந்தாள். "நான் சொன்னப்ப யாராவது கேட்டீங்களா?" என்றாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நேரம் போனது. லிஃப்ட்காரர் மறுபடி போன் போட்டுவிட்டு, "ரெண்டு நிமிஷம்," என்றார். சம்பந்தியம்மா நல்லது என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் போனது. எங்கோ மேலே கம்பி வடம் லேசாக முனகியது. சம்பந்தியம்மா கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"ஒண்ணும் இல்ல, சம்பந்தியம்மா. இன்னும் ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்," என்றார் சம்பந்தியம்மா. இந்த மூன்று நாளில் கேட்காத ஒரு குரல் அது. "அப்பாவும் பொண்ணும் அச்சு அசல். அவளும் பாத்ரூமுக்குள்ள இருந்து இதையேதான் சொல்லுவா. ரெண்டு நிமிஷம் அத்தைன்னு. இவர் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பார், நிப்பார், நின்னுக்கிட்டே இருப்பார். உள்ள பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்."

"ஏய்," என்று சம்பந்தி அவர் கையைத் தட்டினார். "வேண்டாம்னு சொல்லித்தானே அனுப்பியிருக்கா."

"சொன்னா சொல்லட்டும். எவ்வளவு நேரந்தான் நானும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்றது? அந்தச் சாக்கடையைப் போய் நல்லா இருக்குன்னேன். என் மூக்கு என்னை மன்னிக்குமா?" சம்பந்தியம்மா இப்போது கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பேச ஆரம்பித்திருந்தார். "தப்பா நினைக்காதீங்க, சம்பந்தி. உங்க பொண்ணு என் சமையல்கட்டையே தலைகீழா மாத்திட்டா. என் உப்பு ஜாடியைத் தூக்கி மேல் தட்டுல வெச்சிட்டா. எனக்கு எட்டலைடின்னு சொன்னா, அதுக்குத்தான் அத்தை வெச்சேன், உங்களுக்குப் பிரஷர் இருக்குல்லங்கறா. என் வீட்ல உப்பு எடுக்க நான் ஸ்டூல் போடணும்."

லிஃப்ட்காரர் அசையவில்லை. மூச்சு விட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்தவரைப் போல நின்றார்.

"அப்புறம்?" என்றார் மெதுவாக.

"அப்புறமா? இவரைக் கேளுங்க. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடுதல்னு டாக்டர் சொன்ன நாள்ல இருந்து டீயில ஒரு துளி இனிப்பு கிடையாது. ஒளிச்சு வெச்சதைக்கூடக் கண்டுபிடிச்சு எடுத்திட்டா."

"அரிசிக்குள்ள வெச்சிருந்தேன்," என்றார் சம்பந்தி, சோகமாக. "அதையும் கண்டுபிடிச்சிட்டா. உங்க வீட்டு டீயில சக்கரை இருந்துச்சு, சம்பந்தி. அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சண்டை போடுவாளா?" லிஃப்ட்காரர் கேட்டுவிட்டார். மூன்று நாளாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்த கேள்வி அதுவாகத்தான் வந்தது.

"சண்டையா? என்னோட போடாத சண்டை கிடையாது. அவ ஒரு வேலைக்குப் போறா தெரியுமில்ல, சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல? பகல் பூரா அந்தப் பிள்ளைங்களோட கத்தறா. வீட்டுக்கு வந்து என்னோட கத்தறா. மிச்சம் மீதி இருக்கிற குரலைத்தான் ராத்திரி உங்களுக்குப் போன்ல குடுக்கிறா. பேசி முடிச்சதும் வெந்நீர் வெச்சு நான்தான் தொண்டைக்குக் குடுக்கணும். அதுவும் சூடு பத்தலைம்பா."

"எங்க பேச்சைத்தான் கேட்க மாட்டா, சரி. நாங்க அவ பேச்சைக் கேட்கலைன்னா போச்சு," என்றார் சம்பந்தி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவரும் துணிந்துவிட்டார். "ஏர்போர்ட்ல வெச்சு எங்களுக்குப் பாடம் எடுத்தா. எங்க அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி, மாமா, என்னைப் பத்தி ஒரு குறை சொன்னாலும் தூங்க மாட்டார். தங்கம்னு சொல்லுங்க, இருக்கிற இடமே தெரியலைன்னு சொல்லுங்க. எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னு சொல்லுங்க, எங்க ஊரைக் குறை சொன்னாலும் அவருக்குத் தாங்காதுன்னா. நாங்களும் கிளிப்பிள்ளை மாதிரி வந்து ஒப்பிச்சோம்."

தங்கம். அந்த வார்த்தையை அனுப்பி வைத்ததே அவள்தானா? அப்பா தூங்க வேண்டும் என்று அவள் சொல்லி அனுப்பியதில் அப்பா மூன்று ராத்திரி கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்.

"போன மாசம் எனக்கும் அவளுக்கும் பெருசா முட்டிக்கிச்சு," என்று சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "தப்பு என்மேலதான், அது வேற விஷயம். கதவைச் சாத்தினா பாருங்க ஒரு சாத்து, கைப்பிடி கழண்டு கீழ விழுந்துச்சு. ஒரு நாள் பூரா பேச்சு வார்த்தை கிடையாது. எனக்குச் சோறு இறங்கலை. மறுநாள் சாயங்காலம் நான் டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து பக்கத்துல படுத்து ரெண்டு காலையும் தூக்கி என் மடியில போட்டுட்டா. கால் வலிக்குது அத்தை, பிடிச்சு விடுங்கன்னா. நான் மாமியாரா, அவ மாமியாரா?"

"பிடிச்சு விட்டீங்களா?" மேலே இருந்து மனைவியின் குரல் வந்தது.

"விடாம? அவ தூங்கற வரைக்கும் பிடிச்சு விட்டேன். நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கிற வேலை, பாவம்."

அவ்வளவுதான். லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்தார். அப்படியே சரிந்து லிஃப்டின் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டில் அவள் இருந்தவரை அந்தக் கால்கள் அவர் மடியில்தான் கிடக்கும். வேறு யார் மடியிலும் அவள் போட்டதில்லை. வேறு யாரிடமும் அவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டதில்லை. அவளுக்கு ஒரு மடி கிடைத்திருக்கிறது, ஆளும் கிடைத்திருக்கிறது. மூன்று நாளாக அல்ல, பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. அவர் வாய்விட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

சம்பந்தியம்மா பதறிப்போனார். "ஐயோ, நான் சொல்லியிருக்கக் கூடாது. அவ சொன்னது சரியாப் போச்சு. சம்பந்தி, மனசுல வெச்சுக்காதீங்க. நல்ல பொண்ணுதான், நிஜமாவே தங்கம்தான்."

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாம், சம்பந்தியம்மா," என்றார் லிஃப்ட்காரர், கண்ணைத் துடைத்தபடி. "உங்க கையைக் காலா நினைச்சுக் கேக்கிறேன். குறையையே சொல்லுங்க. இன்னும் இருக்கா?"

"இருக்காவா?" சம்பந்தியம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாளைக்குப் போற வரைக்கும் சொல்லலாம்."

அப்போது உச்சியில் மோட்டார் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பேனரின் குரல் லிஃப்ட் குழி முழுக்க எதிரொலித்து இறங்கியது. "வந்துட்டேன்பா. பிரேக்கை எடுத்துச் சுத்தப்போறேன், எல்லாரும் கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க. கொண்டுவரட்டுமா?"

லிஃப்ட்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிராதிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று அவரை மூன்று நாள் கட்டிப்போட்டவள். முகம் முழுக்க ஈரம், அதைத் துடைக்கக்கூட இல்லை. படிக்கட்டுப் பக்கம் அண்ணாந்து, அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. சம்பந்தியம்மா இன்னும் பேசி முடிக்கலை."

பிறகு மறுபடி கம்பியை ஒட்டி உட்கார்ந்து, காலை மடக்கி வசதி பண்ணிக்கொண்டு, "நீங்க சொல்லுங்க சம்பந்தியம்மா," என்றாள்.